வீடும் வளவும் – வாசகர் கேள்வி பதில்: பழைய தாருக்கு மேலே போடுவதா, கிளறிப் போடுவதா?

கேள்வி: ஐயா, ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டை 2009இல் வாங்கினோம். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே முந்திய வீட்டுக்காரர் டிரைவ்வேக்குத் தார் போட்டிருந்தார். இப்போது அது முழுவதும் நரைத்துவிட்டது. இடது பக்கத்தில், கார்ச் சில்லு ஓடும் தடத்தில், வலை பின்னியது போலச் சிறு வெடிப்புகள் நிறைந்திருக்கின்றன. கராஜ் கதவுக்கு முன்னால் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பனிக்காலத்தில் அது கட்டியாகி, சென்ற ஆண்டு என் மாமியார் அதில் வழுக்கி விழுந்தார். இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர், இருப்பதற்கு மேலேயே ஒன்றரை அங்குலம் போட்டுத் தருவதாகவும் 3,200 டொலர் ஆகும் என்றும் சொன்னார். மற்றவர், எல்லாவற்றையும் கிளறி எடுத்துப் புதிதாகப் போட 6,500 டொலர் கேட்கிறார். கணவர் முதலாமவரை விரும்புகிறார், மகன் இரண்டாமவரை. இடம் ஏறத்தாழ 600 சதுர அடி. எதைச் செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாமவர் சொல்வதே சரி. ஆனால், அந்த விலைக்கு அவர் என்னென்ன செய்யப் போகிறார் என்பதை எழுத்தில் வாங்கும் வரை ஒப்பமிட வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நீங்கள் மூன்று குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றில் நரைப்பு மிகச் சிறியது. ஊர்ப் பழக்கத்தில் நாம் தார் என்று சொன்னாலும், இங்கே வீட்டு வாசலில் போடுவது நிலக்கரியில் இருந்து வடித்த தார் அன்று. பெற்றோலியத்தைச் சுத்திகரித்த பின் அடியில் மிஞ்சும் நிலக்கீல். நூறு கிலோ கலவையில் அது ஏறத்தாழ ஐந்து கிலோதான், மிச்சம் முழுவதும் கல்லும் மணலும். அந்த ஐந்து கிலோவே கற்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை. வெயிலும் காற்றும் பட்டு மேற்புறத்துப் பசை காய்ந்து இறுகும்போது கருமை போய்ச் சாம்பல் நிறம் வருகிறது. பிறகு மணலும் சிறு கல்லும் கழன்று வரத் தொடங்குகின்றன. உங்கள் டிரைவ்வேயில் இது ஒன்று மட்டுமே குறையாக இருந்திருந்தால், மேலே ஒன்றரை அங்குலம் போடச் சொன்னவருக்கே நானும் கை காட்டியிருப்பேன்.

சில்லுத் தடத்தில் உள்ள வலைப்பின்னல்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. வீதிவேலை செய்பவர்கள் அதை முதலைத் தோல் வெடிப்பு என்பார்கள். இரண்டு மூன்று அங்குலத் தார், காரின் பாரத்தைத் தானே தாங்குவதில்லை. கீழே இறுக்கிப் போட்டிருக்கும் கல் அத்திவாரத்துக்கு அதைப் பரப்பிக் கொடுக்கிறது. அந்த அத்திவாரம் ஈரம் குடித்து இளகிவிட்டால், சில்லு ஏறும் ஒவ்வொரு முறையும் தார் ஒரு மயிரிழை கீழே வளைந்து திரும்பி எழும்புகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவது போல அதுவும் அடிப்பக்கத்தில் இருந்து முறிகிறது. நாம் மேலே பார்க்கும் வலைப்பின்னல், கீழே முறிந்தது மேலே வந்து சேர்ந்த கட்டம். இதற்கு மேலே ஒரு படை போட்டால், புதிய படையும் அதே இளகிய நிலத்தின் மேல் வளையப் போகிறது. பழைய வெடிப்புகளின் உருவமே புதிய பரப்பில் மறுபடி எழுதப்படும்.

கனடாவில் அத்திவாரம் இளகுவதற்கு உறைபனியே முதற் காரணம். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது என்பது பாடசாலையில் படித்ததுதான். ஆனால், டிரைவ்வேக்கு அடியில் நடப்பது அதைவிடப் பெரிது. வண்டல் கலந்த களிமண், உறையும் இடத்தை நோக்கிக் கீழிருந்து மேலும் மேலும் தண்ணீரை உறிஞ்சி இழுக்க, பனிக்கட்டி தட்டுத் தட்டாக வளர்ந்து மேலே உள்ள அனைத்தையும் தூக்கிவிடுகிறது. ரொறொன்ரோப் பகுதியில் வீட்டு அத்திவாரத்தை நாலடி ஆழத்துக்குக் கொண்டுபோவது இந்த உறைவுக்குப் பயந்துதான். டிரைவ்வேக்கு அவ்வளவு ஆழம் தோண்ட யாராலும் முடியாது; அதன் அடிமண் ஒவ்வோர் ஆண்டும் உறையவே செய்யும். நம்மால் செய்யக்கூடியது, அங்கே தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

பங்குனி மாதத்தில் மேல்மண் இளகிக் கீழ்மண் உறைந்திருக்கும் அந்தச் சில வாரங்கள் மிகவும் மோசமானவை. இளகிய நீர் கீழே இறங்க வழியின்றிச் சேறாகவே நிற்கும். ஒன்ராறியோவில் அந்த நாட்களில் பல கிராமப் பாதைகளில் கனரக வண்டிகளின் பாரத்தை அச்சு ஒன்றுக்கு 5 தொன் என்று குறைத்து வைப்பது இதனால்தான். அரசாங்கம் போட்ட வீதிக்கே அந்த நிலை என்றால், வீட்டு வாசலில் அந்த மாதத்தில் குப்பைத் தொட்டி லொறியையோ வீடு மாறும் வண்டியையோ ஏற்றுவது எவ்வளவு தவறு என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அத்திவாரம் உண்மையாகவே இளகியிருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நல்ல மழை விட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே போய், வலைப்பின்னல் உள்ள இடத்தில் முழந்தாளில் குந்தி இருந்து பாருங்கள். பரப்பின் மற்றப் பகுதி காயத் தொடங்கியிருக்கும். வெடிப்புகளின் ஓரம் மட்டும் கறுத்து ஈரமாக இருக்கும். காரை மெதுவாக அதன் மேல் ஏற்றச் சொல்லிவிட்டு, சில்லுக்குப் பக்கத்தில் உள்ள வெடிப்பைக் கவனியுங்கள். அதிலிருந்து பால் கலந்த தேநீரின் நிறத்தில் மெல்லிய சேற்றுநீர் கசிந்து வந்தால், கீழே கற்களுக்கு நடுவே இருந்த நுண்மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காய்ந்த பின் அந்த வெடிப்புகளின் இரு புறமும் வெண்மையான மண்கோடு படிந்திருப்பதையும் காணலாம். பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரை வெடிப்புக்குள் விட்டு அழுத்துங்கள். கல்லில் இடித்து நின்றால் நல்லது. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால், அந்த இடத்தைத் தோண்டாமல் வேறு வழி இல்லை.

மூன்றாவது குறை, கராஜ் கதவுக்கு முன்னால் தேங்கும் தண்ணீர். இதற்காகவும் மேற்படை உங்களுக்கு ஒத்துவராது. கராஜின் சீமெந்துத் தளம் தார்ப் பரப்பை விடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து வீதிப் பக்கமாக ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் சரிவு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். ஒன்றரை அங்குலத்தை அப்படியே மேலே ஏற்றினால் தண்ணீர் கராஜுக்குள் போகும். அப்படி ஆகாமல் இருக்கக் கதவோரத்தில் பழைய தாரைச் சீவி இறக்க வேண்டும். நடைபாதையைத் தொடும் முனையிலும் அப்படியே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஒரு படி உண்டாகிக் கால் தடுக்கும், பனி வழிக்கும் இயந்திரமும் இடிக்கும். முதலாமவரின் 3,200 டொலரில் இந்தச் சீவல் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சுவரை ஒட்டித் தார் போகிறதென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: செங்கல் வரிசையின் அடியில், சுவருக்குள் சேரும் ஈரம் வெளியேறுவதற்காகச் சிறு துவாரங்கள் விட்டிருப்பார்கள். மேற்படை அவற்றை மூடிவிட்டால், டிரைவ்வேயில் மிச்சம் பிடித்த பணம் பேஸ்மன்ட் சுவரில் செலவாகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். நான் இந்தத் தொழிலுக்குள் வருவதற்கு முன், எங்கள் முதல் வீட்டில், இதே போன்ற வலைப்பின்னலுக்கு மேல் ஒரு சிறிய ஒப்பந்தக்காரரைக் கொண்டு மேற்படை போட்டேன். புரட்டாதியில் வேலை முடிந்தபோது கன்னங்கரேலென்று கண்ணுக்கு அழகாக இருந்தது. முதலாவது பனிக்காலம் பிழையில்லை. இரண்டாவது வசந்தத்தில் பனி உருகியதும், அதே இடது தடத்தில், அதே முதலைத் தோல் எழும்பி வந்தது. பிறகு கிளறி எடுத்தபோது, அடியில் இரண்டு அங்குலத்துக்கும் குறைவான கல்லே இருந்ததையும், அதுவும் களியோடு களியாகக் கலந்து போயிருந்ததையும் கண்டேன். இரண்டு படைத் தாரையும் சேர்த்து ஏற்றிப் போக வேண்டியிருந்ததால் அதற்கும் கூடுதல் கூலி கொடுத்தேன்.

உங்கள் கணக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நல்ல அத்திவாரத்தின் மேல் போட்ட மேற்படை எட்டுப் பத்து ஆண்டுகள் உழைக்கும். கெட்ட அத்திவாரத்தின் மேல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டுவது அரிது. ஒழுங்காகக் கிளறிப் போட்டது பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை நிற்கும். 3,200 டொலரை மூன்று ஆண்டுகளுக்கும், 6,500 டொலரைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் பிரித்துப் பாருங்கள். எது மலிவு என்பதில் வீட்டில் வாக்குவாதத்துக்கு இடம் இராது. இரண்டு விலையிலும் 13 வீத எச்எஸ்ரி வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் மேற்படை என்பதே வீண் வேலையா? எங்களுடையது 14 ஆண்டுப் பழையது. நரைப்பும், குறுக்கே ஓடும் மூன்று வெடிப்புகளும் மட்டுமே உள்ளன. (ஏஜாக்ஸ் வாசகர்)

பதில்: வீண் அன்று, உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அது இருக்கிறது. தனித்தனியாக ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் குளிரில் தார் சுருங்குவதால் வருபவை. அத்திவாரம் கெட்டதற்கு அவை சான்று ஆகா. வலைப்பின்னலும் தாழ்வும் சேர்ந்து மொத்தப் பரப்பில் நாலில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால், அந்த இடங்களை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, கல் போட்டு இறுக்கி, தார் நிரப்பிய பின் முழுவதற்கும் மேற்படை போடலாம். நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் வெட்டி ஒட்டும் கூலியே புதிதாகப் போடும் கூலியை நெருங்கிவிடும். உங்கள் மூன்று வெடிப்புகளையும் முதலில் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த நிலக்கீலை உருக்கி நிரப்ப வேண்டும். பழைய பரப்பைக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, ஒட்டுப்பசை தெளித்த பின்னரே புதிய கலவை விழ வேண்டும். அந்தப் பசையைத் தெளிக்காமல் போட்டால், புதிய படை தோசைக்கல்லில் ஒட்டாத தோசை போலத் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். உருளை ஓட்டிய பின் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த மேற்படையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மூன்று வெடிப்புகளின் நிழல் சில ஆண்டுகளில் மெல்லிய கோடாக மேலே தெரியலாம். அது இயல்பு. தெரிந்தவுடன் நிரப்பிவிடுங்கள். உண்மையைச் சொன்னால், நரைப்பைப் பொறுத்துக்கொள்ள உங்களால் முடியுமானால், வெடிப்புகளை மட்டும் நிரப்பிவிட்டு இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றும் செய்யாமலே விடலாம்.

கேள்வி: மார்க்கத்தில் புதுக்குடியிருப்பு ஒன்றில் எங்கள் வீடு கட்டி 7 ஆண்டுகள் ஆகின்றன. கராஜுக்கு முன்னால் நாலடி அகலத்துக்குத் தார் தாழ்ந்து போய்விட்டது. மற்ற இடம் புதிது போலவே இருக்கிறது. முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: வேண்டியதில்லை. வீடு கட்டும்போது அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டிய பள்ளத்தை மண்ணால் மூடியிருப்பார்கள். அந்த மண் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அமர்ந்துகொண்டிருக்கும். அதன் மேல் இருக்கும் பகுதிதான் தாழ்ந்திருக்கிறது. அந்த நாலடியை மட்டும் நேர்கோட்டில் வெட்டி எடுத்து, மண்ணை இறுக்கி, கல்லும் தாரும் போட்டு, சேரும் கோட்டை நிலக்கீலால் அடைத்தால் போதும். ஒட்டுப் போட்ட நிறம் இரண்டு கோடை வரை வேறாகத் தெரியும். அதற்கு முன், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்த மூலையிலா வந்து விழுகிறது என்று பாருங்கள். அப்படியானால், அதைத் திருப்பிவிடாமல் எதைப் போட்டாலும் மறுபடி தாழும்.

கேள்வி: கிளறிப் போடுவதென்று முடிவு செய்துவிட்டோம். ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும்? பக்கத்துத் தெருவில் வேலை செய்து மிஞ்சிய தார் இருப்பதாகவும், இன்றே என்றால் பாதி விலைக்குப் போட்டுத் தருவதாகவும் ஒருவர் கதவைத் தட்டிச் சொன்னார். அவரை நம்பலாமா? (பிரம்ரன் வாசகர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நம்ப வேண்டாம். 600 சதுர அடிக்கு மூன்று அங்குலம் போட ஏறத்தாழ 10 தொன் கலவை வேண்டும். வேலைக்கு அளந்து வாங்கும் எவரிடமும் அவ்வளவு மிஞ்சுவதில்லை. மிஞ்சினாலும், 150 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் ஆலையை விட்டு வந்த கலவை, நீங்கள் யோசித்துப் பணம் எடுத்து வருவதற்குள் உருளைக்கு அடங்காத அளவுக்கு ஆறிவிடும். இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் கிளறாமல், கல் போடாமல், பழையதன் மேல் ஒரு கறுப்புப் பூச்சைப் பூசிவிட்டுக் காசோடு போய்விடுவார்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வீட்டு வாசலில் வைத்து ஒப்பமிட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யும் உரிமையைத் தருகிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீட்டு விலை எழுதியிருந்தால், நீங்கள் சம்மதிக்காமல் அதைவிட 10 வீதத்துக்கு மேல் கேட்கவும் முடியாது. வயதான பெற்றோர் பகலில் வீட்டில் தனியாக இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். கதவைத் தட்டுகிறவர்கள் அவர்களைத்தான் தேடி வருகிறார்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவற்றுள் ஒரு சொற்றொடரை நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன்: ‘உருட்டி இறுக்கிய பின்’. மூன்று அங்குலம் என்று மட்டும் எழுதினால், கொட்டியபடி மூன்று அங்குலம் போட்டு, உருட்டியதும் அது இரண்டரைக்குக் கீழே இறங்கிவிட்டாலும் அவர் சொன்னதைச் செய்தவர் ஆகிவிடுவார். தாருக்கும் கல்லுக்கும் தனித்தனியாக, உருட்டி இறுக்கிய பின் எத்தனை அங்குலம் என்று எழுதுவியுங்கள். கல் ஆறு அங்குலத்துக்குக் குறையாமலும், அடிமண் களியாக இருந்தால் எட்டு அங்குலமாகவும் இருக்கட்டும். கல்லின் வகை ‘கிரனுலர் ஏ’ என்றும், மேலே விழும் கலவை ‘எச்எல் 3’ என்றும் பெயர் சொல்லி இருக்கட்டும். இவை ஒன்ராறியோவில் எல்லா ஒப்பந்தக்காரருக்கும் தெரிந்த பெயர்கள். தோண்டும் ஆழம், பழைய தாரை ஏற்றிப்போகும் பொறுப்பு, சரிவு எந்தப் பக்கம் என்பதும் எழுத்தில் வேண்டும். முற்பணமாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள்.

தோண்டுவதற்கு முன், நிலத்தடியில் போகும் எரிவாயு, மின்சார, தொலைபேசி வழிகளைக் குறித்துத் தர ஒன்ராறியோ வன் கோல் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இது இலவசம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயமும்கூட. ஒப்பந்தக்காரர் அறிவித்துவிட்டேன் என்றால், அந்தக் கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள். அகலத்தையும் சேர்த்துக் கூட்ட நினைத்தால் முதலில் நகரசபையிடம் கேளுங்கள்; வீதியோரத்தில் உள்ள பகுதி பெரும்பாலும் நகரசபையின் நிலம். மரவேர் குறுக்கே வந்தாலும் கோடரியை எடுக்க வேண்டாம். ரொறொன்ரோவில் உங்கள் சொந்த வளவில் நிற்கும் மரம் என்றாலும் தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ கூடவோ இருந்தால், அதற்கு ஊறு செய்ய அனுமதி வேண்டும். மற்ற நகரங்களிலும் இத்தகைய விதிகள் உண்டு.

வேலை நடக்கும் நாளில் கல் போட்டு இறுக்கி முடிந்த கட்டத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். தார் விழுந்த பிறகு அடியில் உள்ளதை யாரும் காட்ட முடியாது. வேலிக்கரையோரம் ஓர் அளவுகோலை நட்டு ஆழத்தைப் பாருங்கள். குதிக்காலால் ஊன்றி மிதித்துப் பாருங்கள், தடம் விழக்கூடாது. படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

கேள்வி: புதிதாகப் போட்டுப் பத்து நாட்களே ஆகின்றன. மேலே பூசும் கறுப்புக் காப்புப் பூச்சான சீலரை எப்போது பூசலாம்? (ஸ்காபரோ வாசகி)

பதில்: அடுத்த கோடை வரை பொறுங்கள். உள்ளே இருக்கும் இலேசான எண்ணெய்கள் வெளியேறித் தார் இறுகுவதற்கு முன் மூடிவிட்டால் பரப்பு மென்மையாகவே இருந்துவிடும். பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும். ஆண்டுதோறும் பூசினால் அது தடித்துத் தானே வெடித்து உரியும். வாங்கும்போது நிலக்கரித் தாரில் செய்ததை விட்டு, நிலக்கீலில் செய்ததைக் கேளுங்கள். முதல் வகையில் உடலுக்கும் ஓடைகளுக்கும் கேடான சேர்மங்கள் அதிகம் என்பதால் அமெரிக்காவில் வாஷிங்டன், மினசோட்டா மாநிலங்கள் அதைத் தடை செய்துள்ளன. இந்த முதற் கோடையில் காரை நிறுத்திவைத்துக்கொண்டு ஸ்ரியறிங்கைத் திருப்பாதீர்கள். வெயில் நேரத்தில் ஏணியையோ தோட்டக் கதிரையையோ அதன் மேல் வைக்காதீர்கள். நாலு கால்களின் குழியும் அப்படியே பதிந்துவிடும்.